ரொம்ப மட்டமா இருக்கு சார்

பொம்மை டாங்கிதானே என்று சிரிப்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் நேராகச் சண்டைக்கே போகிறேன். போன மாதம் ஈப்போ புந்தோங்கில் கோயில் அன்னதானத்தின்போது பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நான் என்ன வேலை பார்த்தேன் என்று விசாரித்தார். பிளாஸ்டிக் மாதிரி டாங்கிகளின் தரத்தைச் சோதிக்கும் வேலை, இருபத்தெட்டு வருடம் பார்த்தேன் என்றேன். பொம்மைக்கு எதற்கம்மா இன்ஸ்பெக்டர் என்று கேட்டுவிட்டுச் சாம்பார் வாங்கிக்கொண்டார். பத்து மாங்காயில் நான்கு போனால் ஐந்து என்று பிள்ளை எழுதினால் நீங்கள் திருத்தவில்லையா, அதுவும் நிஜ மாங்காய் இல்லையே என்று நானும் கேட்டேன். பாயசம் வரும்வரை மனிதர் என் பக்கம் திரும்பவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் தர்ஷினி. நான் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். தொழிற்சாலையில் கேமரா வைத்த சோதனை இயந்திரம் வந்துவிட்டதாம். ஆண்டு விருந்து மலருக்கு "இனிய நினைவுகள்" இரண்டு பக்கம் எழுதித் தாங்க அக்கா என்று கேட்டாள். கேட்டதோடு விட்டிருக்கலாம். புதிதாக வந்த இன்ஜினியர்கள், முன்பெல்லாம் இங்கே எல்லாமே குத்துமதிப்புத்தான் என்று பேசிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டாள். கேமராவோடு எனக்குச் சண்டை இல்லை. அதன் கண் எரியாது, கால் மரத்துப்போகாது, நல்ல வேலைக்காரிதான். ஆனால் குத்துமதிப்பு என்ற சொல் எனக்கு உறைத்துவிட்டது. இரண்டு பக்கத்தில் அடங்காது என்று தர்ஷினியிடம் சொல்லிவிட்டேன். இனிப்பும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பெட்டிக்குள் ஏழெட்டுப் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு சட்டத்திலும் காம்பில் காய் தொங்குவதுபோல உதிரிப் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்குகிறவர் அவற்றை வெட்டி எடுத்து, ஒட்டி, சாயம் அடித்து, ஒரு ஜாண் நீளத்துக்கு உண்மையான டாங்கியைப் போலவே செய்து கண்ணாடி அலமாரியில் வைப்பார். இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தலை நரைத்த ஆண்கள். ஆணி எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதுகிற சாதி. எங்கள் தொழிற்சாலை ஈப்போவுக்கு வெளியே இருந்தது. ஐரோப்பாவில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்காக நாங்கள் இவற்றை அச்சில் வார்த்து அனுப்பினோம்.

நான் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது எங்கள் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது, நானும் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி மூன்று மாதம். நின்றோம், பார்த்தோம், கால் வலித்தது, அவ்வளவுதான். குறைகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். அச்சின் இரண்டு பாதிகளும் சரியாகக் கவ்வாவிட்டால் ஓரத்தில் மெல்லிய தகடாகப் பிளாஸ்டிக் பிதுங்கி நிற்கும். அதற்கு ஏதோ பெயர் சொன்னார்கள். என் தோழி செல்வி பார்த்தவுடனே, இது கோட்டுப்பால் என்றாள். ரப்பர் மரத்தில் வெட்டுக் கோட்டோடு காய்ந்து ஒட்டியிருக்கும் பாலுக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். எங்கள் வரிசையில் அன்றிலிருந்து கோட்டுப்பால்தான். மலாய்க்காரப் பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள். ஒரு தடவை அறிக்கைத் தாளில்கூட ரோமன் எழுத்தில் ஏறிவிட்டது.

குத்துமதிப்பு என்று சொன்ன தம்பிகளுக்காக, ஒரு சட்டத்தை எப்படிப் பார்ப்போம் என்று எழுதுகிறேன். இயந்திரத்திலிருந்து விழுந்தவுடனே தீர்ப்புச் சொல்லக்கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் பொய் சொல்லும். ஆறிய பிறகு முதலில் சட்டத்தின் கடைக்கோடியைப் பார்க்க வேண்டும். உருகிய பிளாஸ்டிக் நடுவில் நுழைந்து ஓரத்துக்கு ஓடுகிறது, களைத்து நின்றுவிடுவது அங்கேதான். துப்பாக்கி முனை, மண்வெட்டிப் பிடி, இழுவைக் கம்பியின் கொக்கி, இவை முழுசாக இருந்தால் மற்றவை பெரும்பாலும் முழுசாக இருக்கும். பிறகு சட்டத்தைக் குழல் விளக்குக்குச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் எல்லாமே அழகுதான். சாய்த்தால்தான் குழி தெரியும். உள்பக்கம் எங்கே தடிப்பாக இருக்கிறதோ, அதற்கு நேர் வெளிப்பக்கத்தில் பிளாஸ்டிக் ஆறும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்து, அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிவிடும் ஊசிகளின் வட்டத் தழும்பு. ஒட்டியபின் மறைகிற பக்கத்தில் இருந்தால் மன்னிப்போம். கோட்டுப்பாலைக் கண்ணால் பார்ப்பதில்லை, கட்டைவிரல் நகத்தை ஓரமாக ஓட்டினால் அதுவே சொல்லும். கடைசியாக, பீரங்கிக் கூண்டை உடலில் ஒட்டாமல் பொருத்த வேண்டும். ஒரு விரலால் தள்ளினால் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் விழக்கூடாது.

எல்லாம் சரி என்றால் பச்சை அட்டை, சந்தேகம் என்றால் மஞ்சள், கூடாது என்றால் சிவப்பு. பச்சையில் சோதித்தவரின் முத்திரையைக் குத்த வேண்டும். ஆளுக்கொரு எண். என்னுடையது ஒன்பது.

எங்கள் தரப் பிரிவுக்குத் தலைவர் சிவபாதம் சார். பத்து காஜா ஊர்க்காரர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் கிளார்க்காக வந்தவர். வீட்டில் ஆங்கிலம், எங்களோடு மட்டும் தமிழ். அந்தத் தமிழ் வேறு, எங்கள் தமிழ் வேறு. ஆமாம் என்பதற்கு ஓம் என்பார். எதைச் சொன்னாலும் கடைசியில் "நல்லது" என்று முடிப்பார். மழை வருகிறது சார் என்றாலும் நல்லது, இயந்திரம் நின்றுவிட்டது சார் என்றாலும் நல்லது. வந்த முதல் வாரத்தில் செல்வியிடம், "வடிவா பாரும்" என்றார். அவர் ஊர் வழக்கில் கவனமாகப் பார் என்று அர்த்தம். எங்களுக்கு வடிவு என்றால் அழகு. மறுநாள் செல்வி கண்ணுக்கு மை போட்டுக்கொண்டு வந்தாள். பசியாறும் நேரமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஆனால் மனிதர் மரியாதை தெரிந்தவர். எங்கள் மேசைக்கு வருமுன் விரல் முட்டியால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார். குரல் உயர்த்த மாட்டார். எங்கள் எல்லாரையும் "நீர்" என்றுதான் பேசுவார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி என் அம்மாவை "ஏய்" என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவள் நான், அதனால் அந்த "நீர்" எனக்குப் பிடித்திருந்தது. வெல்வெட் பெட்டிக்குள் அளவுக் கருவி ஒன்று வைத்திருந்தார். அதை வேறு யாரும் தொடக்கூடாது. ஒவ்வொரு பாகத்தையும் மூன்று தடவை அளந்து, பென்சிலால் குறித்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் மையால் எழுதுவார். எண்ணில் ஏறாதது எதுவும் அவருக்கு இல்லை.

சேர்ந்த முதல் வருடத்தில் நான் செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் நியாயம் இல்லை. புது டாங்கி ஒன்றின் அடித்தொட்டி, அதாவது உடலின் கீழ்ப்பாதி, வந்தது. சக்கரம் மாட்டும் முளைகள் இடதுபக்கம் ஒரு இடத்தில், வலதுபக்கம் கொஞ்சம் பின்தள்ளி இருந்தன. அச்சே கோணல் என்று முடிவுகட்டி, அரை ஷிப்டு சரக்குக்குச் சிவப்பு அட்டை மாட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். சிவபாதம் சார் வரைபடத்தை எடுத்து வந்தார். நிஜ டாங்கியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இரும்புத் தண்டு வயிற்றுக்குள் குறுக்காக ஓடுகிறதாம். இரண்டு பக்கத்துத் தண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியாது, அதனால் ஒருபக்கச் சக்கரங்கள் சற்றுப் பின்னால்தான் இருக்கும். நான் நல்லதைத் தள்ளியிருந்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. படித்தேன், எழுதியிருந்தது உண்மை, கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தப் பழக்கம் வந்தது. பாகத்தைப் பார்த்தால் போதாது, டாங்கியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு அடித்தொட்டிகளை எடுத்து என் அலமாரியில் ஒருநாள் வைப்பேன். மறுநாள் சக்கரங்களை ஒட்டி, பழைய சாமிப் படத்திலிருந்து கழற்றிய கண்ணாடிமேல் நிறுத்துவேன். பஸ் டிக்கெட் அப்போது வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக இருக்கும். அதை நீளமாகக் கிழித்து ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் செருகி இழுப்பேன். பிடித்துக்கொண்டால் சக்கரம் தரையில் இருக்கிறது. சறுக்கிக்கொண்டு வந்தால் அந்தரத்தில் தொங்குகிறது. இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. சிவபாதம் சாருக்கு இது பிடிக்காது. ஒட்டிப் பார்ப்பது வாங்குகிறவர்களின் வேலை, எங்கட வேலை அளக்கிறது என்பார். ஆனால் செய்யாதே என்று தடுக்கவும் இல்லை.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பண்டிகைக் காலத்துக்காகப் பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. வேகமாக முடிக்க வேண்டும் என்று, அச்சுக்குள் பிளாஸ்டிக் ஆறுவதற்கு விடும் நேரத்தை உற்பத்திப் பிரிவு சில வினாடிகள் குறைத்துவிட்டது. எங்களுக்குச் சொல்லவில்லை. இயந்திரத்துப் பக்கத்தில் அளந்தால் எல்லாம் சரியாக இருந்தது, சிவபாதம் சாரின் தாளில் ஒரு எண்கூடப் பிசகவில்லை. மறுநாள் காலையில் என் அலமாரியிலிருந்து எடுத்து ஒட்டிக் கண்ணாடியில் வைத்தேன். வலதுபக்கம் மூன்றாம் சக்கரத்தடியில் டிக்கெட் சறுக்கிக்கொண்டு வந்தது. இன்னும் நான்கை ஒட்டிப் பார்த்தேன். நான்கும் அப்படியே. அரைகுறையாக ஆறி வெளியே வந்த தொட்டி, ஒரு நாளில் மெதுவாக முறுக்கிக்கொண்டிருக்கிறது. காலைத் தூக்கின நாய் மாதிரி நிக்குது பாரு என்றாள் செல்வி. முழுச் சரக்குக்கும் மஞ்சள் அட்டை மாட்டினேன்.

சிவபாதம் சார் அன்று பினாங்கில் வாடிக்கையாளரின் ஆளோடு இருந்தார். கொள்கலன் லோரி வாசலில் நின்றது. மஞ்சள் அட்டைச் செய்தி எட்டி, பத்தரை மணிக்கு அவரே அழைத்தார். போன் இருந்தது ஏழாம் எண் இயந்திரத்தின் பக்கத்தில், அது மூச்சு விடும்போதெல்லாம் காது அடைக்கும்.

"பாக்கியம், அடி எப்பிடி? மட்டமா இருக்கோ?"

"ரொம்ப மட்டமா இருக்கு சார்."

"வடிவா பாத்தனீரோ?"

"ஆறு எடுத்துப் பார்த்துட்டேன் சார். ஆறும் மட்டம்."

"நல்லது," என்றார். வைத்துவிட்டார்.

நான் நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது சரக்கு இல்லை. தள்ளின சரக்கு அரவை அறைக்குப் போகும், அங்கேதான் போயிருக்கும் என்று நினைத்தேன். எங்கே போயிற்று என்று ஸ்டோர்காரர் அஸ்மானிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மஞ்சள் அட்டையைத் தன் பொறுப்பில் எடுத்துவிட சிவபாதம் சாருக்கு அதிகாரம் உண்டு. அஸ்மானை அழைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். சரக்கு கப்பலேறிவிட்டது.

இரண்டு மாதம் கழித்துப் படங்களோடு புகார் வந்தது. அழகாகச் சாயம் அடித்த டாங்கி, கண்ணாடிமேல், ஒரு சக்கரம் அந்தரத்தில். மேனேஜர் மிஸ்டர் சோங் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். பேச்சு ஆங்கிலத்தில். நான் பேசத் தடுமாறுவேனே தவிர, கேட்டால் புரியும். சிவபாதம் சார் சொன்னதில் "லெவல்" என்ற சொல் மூன்று தடவை வந்தது. பாக்கியம் லெவல் என்று சொன்னார், அதை நம்பி அனுப்பினேன் என்கிறார்.

"சார், நான் எப்ப சார் லெவல்னு சொன்னேன்?"

"நீர்தானே சொன்னீர், ரொம்ப மட்டமா இருக்கு எண்டு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு மட்டம் என்றால் சமம், ஏற்ற இறக்கம் இல்லாமல் தரையில் பதிந்து நிற்பது. கொத்தனார் சொல்வாரே, அந்த மட்டம். எங்களுக்கு மட்டம் என்றால் கழிசடை. ரொம்ப மட்டம் என்றால் வாயில் வைக்க விளங்காத கறி, மூன்று நாளில் கிழியும் துணி. அவர் சமமாக இருக்கிறதா என்று கேட்டார். மோசமாக இருக்கிறதா என்று என் காதில் விழுந்தது. நான் படுமோசம் என்றேன். மிகப் பிரமாதம் என்று அவர் காதில் விழுந்தது. இரண்டு பேரும் தமிழில்தான் பேசினோம்.

"மட்டம்னா எங்களுக்கு மோசம்னு அர்த்தம் சார்," என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

என்ன நடக்கிறது என்று மேனேஜர் கேட்டார். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்று சிவபாதம் சார் விளக்கினார். அப்படியானால் வேறு சொல்லை அந்தப் பெண் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றார் மேனேஜர். ஆனால் அந்தச் சொல்லை முதலில் எடுத்தது நானா? நான் சிவபாதம் சாரைப் பார்த்தேன். கேட்டது நான்தான் என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டியின் நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நானே சொன்னேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். மேனேஜர் கையசைத்துவிட்டார். வாடிக்கையாளருக்கு ஒரு பதில் காட்ட வேண்டும், அதற்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் எழுதுவதற்கு என் பெயர் சுலபம்.

கடிதம் ஏற்கெனவே தட்டச்சாகி இருந்தது. "நான் தவறான சோதனை முடிவைத் தெரிவித்தேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே என் பெயர், அதற்குக் கீழே ஒரு கோடு. ஒரு வாரத்தில் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் முத்திரையைக் கொடுத்துவிட்டுப் பேக்கிங் வரிசைக்குப் போக வேண்டும். நான் தெரிவித்த முடிவு சரியான முடிவு, போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அப்போது நிலைமை சரியில்லை. லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முதுகு பிசகிப் படுத்திருந்தார். பெண்கள் இருவரும் பள்ளியில். அவள் அவள் பிழைப்பைப் பார்க்க வேண்டாமா என்று செல்விக்குக் கோபம். "ஒரு கையெழுத்துத்தானே, போட்டுட்டு வேலையைப் பாருலா. யாரு அதைப் படிக்கப் போறா," என்றாள். நான் படிப்பேன் என்றேன். பேக்கிங் வரிசை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அங்கே கூடாது என்று சொல்லும் உரிமை கிடையாது. வருவதை எடுத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஒன்பதாம் எண் முத்திரை போனால், நான் சொல்லும் கூடாது அங்கே வெறும் சத்தம். அதற்காகத்தான் பயந்தேன், உண்மையிலேயே பயந்தேன்.

அந்த வாரத்திலேயே மாற்றுச் சரக்கு வார்க்கப்பட்டது. ஆறும் நேரத்தைப் பழையபடி கூட்டிவிட்டோம் என்று உற்பத்திப் பிரிவு எழுதிக் கொடுத்தது. அளவுத் தாளில் எல்லாம் சரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் லோரி. எனக்குக் கொடுத்த கெடுவும் அன்றைக்கே முடிந்தது. வியாழக்கிழமை எடுத்து வைத்திருந்த தொட்டிகளை வெள்ளிக்கிழமை காலையில் ஒட்டினேன். கண்ணாடியில் வைத்தேன். மூன்றாம் சக்கரத்தடியில் டிக்கெட் சறுக்கிக்கொண்டு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சரியாக இருந்துவிடக்கூடாதா என்று அன்று நான் வேண்டியது எனக்குத்தான் தெரியும். மாற்றுச் சரக்கையும் கூடாது என்று சொன்னால் மேனேஜர் என்னை விட்டுவைக்க மாட்டார். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது, தாளில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது.

மேசையில் இரண்டு தட்டு. சிவபாதம் சார். அந்த அறைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் கண்ணாடியைப் பார்த்தார், அதன்மேல் நின்ற டாங்கியைப் பார்த்தார். டிக்கெட்டைத் தொடவில்லை.

"பாக்கியம், அனுப்பலாமோ, கூடாதோ?"

"கூடாது சார்."

அவர் உடனே திரும்பி நடந்தார். ஏற்றுமிடத்துக்குப் போகிறார் என்று தெரிந்ததும் டாங்கியையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன். கொள்கலனில் பாதி ஏறியிருந்தது. இறக்கச் சொன்னார். அஸ்மான் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். யாரோ சொல்லி மேனேஜர் வந்துவிட்டார். அளவுத் தாளில் உங்கள் கையெழுத்தே இருக்கிறது, எதை வைத்து நிறுத்துகிறீர்கள் என்று சத்தம் போட்டார். சிவபாதம் சார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பாக்கியம் கூடாது என்கிறார். எனக்கு அது போதும். எண்ணை மட்டுமே நம்பிய மனிதர், அன்று ஓர் எண்கூடச் சொல்லவில்லை.

நான் அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் கண்ணாடியை வைத்து டாங்கியை நிறுத்தினேன். டிக்கெட்டை மேனேஜர் கையில் கொடுத்தேன். அவர் குனிந்து ஒவ்வொரு சக்கரமாகச் செருகி இழுத்தார். முதல் சக்கரம் பிடித்தது. இரண்டாவதும் பிடித்தது. மூன்றாவதில் கையோடு வந்துவிட்டது. நம்பாமல் இன்னொரு தடவை செய்தார். பிறகு எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, இறக்குங்கள் என்று அஸ்மானிடம் சொன்னார். அச்சைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. குளிர்ந்த தண்ணீர் ஓடும் துளை ஒருபக்கம் துருவால் அடைத்திருந்தது. எத்தனை வினாடி கூட்டினாலும் அந்தப் பக்கம் ஆறியிருக்காது.

அன்று வேலை முடிந்து போகும்போது சிவபாதம் சார் வாசலில் நின்றார். "அந்தச் சொல்லை முதல்ல எடுத்தது நான்தான். அறையில வைச்சு நான் அதைச் சொல்லியிருக்க வேணும்," என்றார்.

"ஆமா சார். சொல்லியிருக்கணும்," என்றேன்.

பரவாயில்லை சார் என்று சொல்லியிருக்கலாம். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லையே. எப்போதும் வரும் அந்த "நல்லது" அன்று வரவில்லை. அடுத்த மாதம் எங்கள் அறிக்கைத் தாளை அவர் மாற்றினார். நன்று, சுமார், மோசம் என்ற கட்டங்களை எடுத்துவிட்டு அனுப்பலாம், அனுப்பக்கூடாது என்று இரண்டே கட்டம் வைத்தார். ஒருநாள் வைத்து ஒட்டிப் பார்ப்பதும் விதிப் புத்தகத்தில் ஏறியது. கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். டிக்கெட்டுக்குப் பதிலாக இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு வந்தது. தம்பிகளா, உங்கள் கேமரா பச்சையோ சிவப்போ காட்டுகிறதே, அந்த இரண்டு கட்டம் எங்கிருந்து வந்தது என்று இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள்.

கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கெடு முடிந்த பிறகும் முத்திரையைக் கேட்டு யாரும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கடிதத்தைக் கொஞ்சம் மாற்றியிருப்பதாகச் சொன்னார். தவறான முடிவைத் தெரிவித்தேன் என்பதை எடுத்துவிட்டு, தெளிவில்லாமல் தெரிவித்தேன் என்று போட்டிருந்தார். கோப்பை மூட வேண்டும், ஒரு சின்னக் கையெழுத்து என்றார். தெளிவாகத்தான் சொன்னேன், ஆறு எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு அதை மேசை இழுப்பறைக்குள் போட்டார். அடுத்த வருடம் கேட்டார், அதற்கடுத்த வருடம் சிரித்துக்கொண்டே கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்.

அவர் ஓய்வுபெற்றுப் போன நாளில் இழுப்பறைகளைக் காலி செய்துகொண்டிருந்தார். என்னை வரச்சொல்லி அந்தத் தாளை நீட்டினார். எப்பவும் இப்படித்தானா நீ என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். ஓரம் மஞ்சளாகிப் போயிருந்தது. எனக்கு நீண்டகாலச் சேவைக்குக் கேடயம் கொடுத்திருக்கிறார்கள், கம்பெனித் தலைவரின் கையெழுத்துப் போட்ட சான்றிதழ்கள் ஐந்தாறு கொடுத்திருக்கிறார்கள். அவை அலமாரிக்குள் எங்கேயோ கிடக்கின்றன. இந்தத் தாளைத்தான் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள், கீழே கையெழுத்தே இல்லையே என்று கேட்கிறார்கள். இல்லைதான். போடவில்லை.